புலி வரைந்த துணி

ராஜா,

வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயத்தை அம்மா இப்படி ஊரறிய எழுதுகிறாளே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். நீயும் ஊரறியத்தானே பேசினாய். போன ஞாயிற்றுக்கிழமை நம் தெருப் படிப்பகத்தில் உனக்கு வழியனுப்பு விழா வைத்தார்கள். மைக் கட்டினார்கள், ரோஜா மாலை போட்டார்கள், அமெரிக்காவில் ராக்கெட் செய்கிற கம்பெனிக்கு நம் தெருவிலிருந்து போகிற முதல் பிள்ளை என்று மேடை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பெண்களுக்குப் போட்ட பெஞ்சியில் கடைசி ஆளாக நான் உட்கார்ந்திருந்தேன். நீ எழுந்து பேசினாய். "என் தகப்பனார் பர்மாவில் யாருமில்லாத காட்டைத் திருத்தி நெல் விளைவித்தார். அந்த மண்ணில் தமிழனின் புலிக்கொடியை நட்டார். அந்தக் கொடியைக் காக்க உயிரை விட்டார். நாம் கடாரம் கொண்ட பரம்பரை. கடலைத் தாண்டியவனுக்கு வானம் எம்மாத்திரம்? அந்தக் கொடி இன்றும் என் தாயின் பெட்டியில் இருக்கிறது. அதை நான் எடுத்துப் போகிறேன். ஒரு நாள் அது நிலாவில் பறக்கும்" என்றாய். என் பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குக் கூசிப்போயிற்று.

வீட்டுக்கு வந்து மாலையை ஆணியில் மாட்டின கையோடு ட்ரங்குப் பெட்டிச் சாவியைக் கேட்டாய். தர மாட்டேன் என்றேன். ஏன் என்றாய். "அது கொடி இல்லடா" என்றேன். மேற்கொண்டு சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீ, "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா. பாவாடைக்கு நாடா கோக்கிற மாதிரி நினைச்சிட்டியா?" என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு அடையாற்றில் இருக்கிற சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டாய். அன்றையிலிருந்து வரவில்லை. துணி துவைக்கக் கொடுத்ததைக்கூட ஆள் விட்டு வாங்கிக்கொண்டாய்.

நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். மைக்கில் பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். மாடி வீட்டு வசந்தா எழுத்துப் பிழை மட்டும் திருத்தித் தருகிறேன் என்றிருக்கிறாள், விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். படிப்பகத்துப் பையன்கள் நடத்துகிற கையெழுத்துப் பத்திரிகையில் இதைச் சேர்க்கச் சொல்லப் போகிறேன். உன் பேச்சைக் கேட்டவர்கள் இதையும் படிக்கட்டும். உன்னை அவமானப்படுத்த இல்லை. ஆனால் நீ மேடையில் நிறுத்தின அந்த மனிதரோடு குடித்தனம் பண்ணினவள் நான். அந்த மண்ணில் நடந்தவள் நான். உனக்கு அப்போது இரண்டு வயது.

நாடா கோக்கிறதைப் பற்றிச் சொன்னாயே, அதில் எனக்கு வருத்தமில்லை. தி.நகர் துணிக்கடைக்குப் பாவாடை தைத்துத்தான் உன்னை இன்ஜினீயர் ஆக்கினேன். மெஷினில் கால் வைத்தால் இடுப்பு தானாக வளைகிற அளவுக்குத் தைத்திருக்கிறேன். எனக்கு ராக்கெட் தெரியாது. துணி தெரியும். ஒரு துணியைக் கையில் எடுத்தால் அது எதற்காக நெய்தது, எங்கே பிரித்தது, எங்கே மறுபடி தைத்தது என்று விரல் சொல்லும். நீ கேட்கிற அந்தத் துணியைப் பற்றி இந்த ஊரில் என்னைவிடத் தெரிந்தவர்கள் இல்லை. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

பதினாறு வயதில் உன் அப்பாவுக்குக் கழுத்தை நீட்டிக் கப்பல் ஏறினேன். ஐராவதி ஆறு நூறு கிளையாகப் பிரிந்து கடலில் விழுகிற பக்கம் அவர் இருந்தார். தண்ணீர், சேறு, நெல், கண்ணுக்கு எட்டின வரை அதுதான். அவர் அங்கே ஒரு வட்டிக்கடை முதலாளியிடம் மேஸ்திரி. முதலாளிக்கு வந்து சேர்ந்த வயல்களில் ஆள் வைத்துப் பயிர் செய்கிற வேலை. முதலாளிக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று நான் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் யார் கேட்பார்கள். ரங்கூனில் தமிழ்ச் சங்கம் ஒன்று இருந்தது. மாதம் ஒரு தரம் அங்கே போய்ப் பேச்சுக் கேட்டுவிட்டு வருவார். வந்தால் இரண்டு நாள் அவர் நடையே மாறியிருக்கும். "உனக்குத் தெரியுமா, இது நமக்குப் புது ஊர் இல்ல. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலயே சோழன் கப்பல்ல வந்து ஜெயிச்ச பக்கம். நாம திரும்பி வந்திருக்கோம், அவ்வளவுதான்" என்பார். காலில் செருப்பில்லாமல் சேற்றில் நின்று, முதலாளியின் கணக்குப்பிள்ளை வந்தால் துண்டை இடுப்பில் கட்டுகிற மனிதர் இதைச் சொல்வார். சொல்லும்போது அவர் முகம் அழகாக இருக்கும். பொய் சொல்லக் கூடாது, எனக்கும் அப்போது அது பிடித்திருந்தது.

அந்தப் பேச்சில் அந்த ஊர்க்காரர்கள் வரவே மாட்டார்கள், ராஜா. நெல் வரும், காடு வரும், கப்பல் வரும், புலி வரும். மனிதர்கள் வர மாட்டார்கள். "நாம வர்றதுக்கு முன்னால இது வெறும் சதுப்பு" என்பார். சதுப்பில் வீடு இருந்தது. வீட்டு வாசலில் பூச்செடி இருந்தது. அந்த வீட்டில்தான் நாம் குடியேறினோம்.

மா சேன் என்று ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். அவள் புருஷனும் அண்ணன் தம்பிகளும் உழுத வயல் அது. கடனுக்குப் பிடித்தாயிற்று என்று கோர்ட்டு ஆள் வந்து சொன்னான். ஊர் ஓரத்தில் மூங்கில் குடிசை போட்டுக்கொண்டு போனார்கள். போகிற அன்று அவசரத்தில் வேலியில் காயப்போட்ட துணி ஒன்றை விட்டுவிட்டுப் போய்விட்டாள். சிவப்புத் துணி, கீழே ஓரத்தில் வெள்ளைப் பூ நெய்தது. அந்த ஊர்ப் பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற கைலி. உன் அப்பாவுக்கு அன்றைக்கு ஒரு கொடி வேண்டியிருந்தது. ரங்கூனில் யாரோ பேசும்போது சொன்னார்களாம், சோழன் போன இடமெல்லாம் புலிக்கொடி நட்டான் என்று. வேலியிலிருந்து அந்தக் கைலியை உருவினார். பக்கத்துத் தையலைப் பிரித்து விரித்தார். படகுக்குப் பூசுகிற தாரைத் தொட்டுத் தொட்டு ஒரு புலி வரைந்தார். நான் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, பூனை மாதிரி இருக்கு?" என்றேன். "பொம்பளைக்கு எல்லாம் பூனைதான். வாலைப் பாரு" என்றார். வால் மட்டும் நன்றாக இருந்தது. மூங்கிலில் கட்டி, வயலுக்குப் போகிற வழியில், வரப்பு முக்கில் உயரமாக நட்டார்.

இதுதான் உன் புலிக்கொடி. ஒரு பெண்ணின் பாவாடை.

இன்னும் இருக்கிறது, கேள். அந்த ஊரில் ஆண்கள் பெண்களின் கைலிக்கு அடியில் போக மாட்டார்கள். காயப்போட்ட கயிற்றுக்குக் கீழேகூடக் குனிந்து போக மாட்டார்கள். போனால் ஆணுக்குள்ள மகிமை போய்விடும் என்று அவர்களுக்கு நம்பிக்கை. சரியோ தப்போ, அவர்கள் ஊர், அவர்கள் நம்பிக்கை. வீட்டுக்குப் பின்னால் தாழ்வாகத்தான் காயப்போடுவார்கள். அதைக் கொண்டுபோய் ஊர் ஆண்கள் நடக்கிற வழியில், தலைக்கு மேலே மூங்கிலில் ஏற்றி வைத்தார் உன் அப்பா. பத்து வருஷம் அந்த ஊர் அரிசியைத் தின்றவர். அந்த ஊர்க்காரன் தலைக்கு மேல் எதைத் தொங்கவிட மாட்டான் என்று தெரிந்துகொள்ள அவருக்குப் பத்து வருஷம் போதவில்லை.

மறுநாளிலிருந்து அந்த வழியாக ஒருத்தனும் வரவில்லை. வாய்க்காலில் இறங்கி, முழங்கால் சேற்றில் சுற்றிக்கொண்டு போனார்கள். உன் அப்பா வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார். "பாத்தியா, புலியைக் கண்டு எப்படி மிரளுறானுங்க! இத்தனை நாள் நம்ம மேலயே இடிச்சுக்கிட்டுப் போவானுங்க" என்றார். வருகிறவர்களிடம் எல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். எனக்கு மீன் கொடுக்க வருகிற கிழவிதான் ஒரு நாள் வாயைப் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. "இறக்கச் சொல்லு, இறக்கச் சொல்லு" என்று கையை ஆட்டினாள். நான் ஓடிப்போய் உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் முகம் ஒரு நிமிஷம் கறுத்தது. அப்புறம் சொன்னார்: "இப்ப இறக்கினா தோத்த மாதிரி ஆயிடும்." அவ்வளவுதான். இறக்கவில்லை. மழையில் நனைந்தது, வெயிலில் வெளுத்தது. வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தது. உன் அக்காள் பொன்னி அந்த மூங்கிலைப் பிடித்துக்கொண்டுதான் நடை பழகினாள். நீ பிறந்தாய். கடாரம் கொண்ட ராஜாவின் பெயரை உனக்கு வைத்தார்.

அப்புறம் ஜப்பான்காரன் சண்டை வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்தது. முதலில் போனது யார் தெரியுமா? வெள்ளைக்காரன். எந்தக் கொடியின் நிழலில் நாம் எல்லாம் அங்கே போய் இறங்கினோமோ, அந்தக் கொடிக்காரன் காரிலும் கப்பலிலும் முதலில் போய்விட்டான். கோர்ட்டு ஆளைக் காணோம். முதலாளியின் கணக்குப்பிள்ளையைக் காணோம். அப்போதுதான் எனக்கு விளங்கியது, நம் புலி ஒரு நாளும் தனியாக நிற்கவில்லை. அதற்கு மேலே ஒரு பெரிய கொடி இருந்தது. அது போனதும் நாம் வெறும் கூலிக்காரர்கள், அதுவும் இன்னொருத்தி வீட்டில் உட்கார்ந்திருக்கிற கூலிக்காரர்கள்.

நீ சொல்கிறாயே, கொடியைக் காக்க உயிரை விட்டார் என்று. நடந்ததைச் சொல்கிறேன். வண்டி பூட்டி நின்றது. பொன்னி வண்டியில் உட்கார்ந்திருந்தாள். நீ என் இடுப்பில். நல்ல வெயில் நேரம். ஊர் ஆட்கள் வயல் பக்கமாக வருவது தெரிந்தது. ஏறுங்கள், போய்விடலாம் என்றேன். ஏறக் காலைத் தூக்கினவர், "கொடியை விட்டுட்டா போறது?" என்று சொல்லிவிட்டு வரப்பில் ஓடினார். மூங்கிலின் அடியில் போட்ட கட்டு அவிழ வரவில்லை. அவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். அவர் ஓடியிருக்கலாம். அப்போதும் ஓடியிருக்கலாம். முதுகை மூங்கிலில் சாய்த்து அரிவாளை ஓங்கிக்கொண்டு நின்றார். மீதியை நான் எழுத மாட்டேன். நீயும் கேட்க வேண்டாம். உயிரோடு இருக்க வேண்டிய ஒரு மனிதர், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஒரு பாவாடைக்காகத் திரும்பிப் போனார். காத்தார் என்று நீ சொல்வது இதைத்தான்.

வண்டியையும் மாட்டையும் பிடித்துக்கொண்டார்கள். எங்களை ஒன்றும் செய்யவில்லை. அப்போது மா சேன் வந்தாள். மூங்கிலைச் சாய்த்து, பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்து, துணியை எடுத்தாள். விரித்துப் பார்த்தாள். தார் காய்ந்து அப்பியிருந்தது. என் முன்னால் வந்து நின்று, "இதை இனி நான் கட்ட முடியுமா?" என்று கேட்டாள். அந்த அளவுக்கு எனக்கு அவர்கள் பாஷை தெரியும். "உன் புருஷன் மிருகத்தை நீயே எடுத்துக்கிட்டுப் போ" என்று என் மூஞ்சியில் எறிந்தாள். எறிந்துவிட்டு, வீட்டுக்குள் போனாள். அவள் வீடு. கதவைச் சாத்திக்கொண்டாள். பிற்பாடு இந்தக் கதையைக் கேட்ட ஒன்றிரண்டு பேர், "அந்தப் பர்மாக்காரி எவ்வளவு நல்லவ, பிள்ளையைக் கட்டிக்கத் துணி கொடுத்தா பார்" என்றார்கள். அப்படி எல்லாம் இல்லை. இரக்கத்தில் அவள் ஒன்றும் கொடுக்கவில்லை. அவள் ஏன் இரக்கப்பட வேண்டும்?

நடந்தோம். ஆயிரக்கணக்கான தமிழர்கள், தெலுங்கர்கள், வங்காளிகள் எல்லாம் மேற்கே மலையைப் பார்த்து நடந்தார்கள். உன்னை முதுகில் அந்தத் துணியால் கட்டினேன். கட்டி முடிச்சுப் போட்டதுபோக ஒரு நுனி தொங்கும். வெள்ளைப் பூ நெய்த ஓரம். அதைப் பொன்னி பிடித்துக்கொண்டு வருவாள். அவளுக்கு ஐந்து வயது. கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாது என்று, "விடாதே, விடாதே" என்று நடக்க நடக்கச் சொல்லிக்கொண்டே போவேன். திரும்பிப் பார்க்க மாட்டேன். முதுகில் இழுப்பு இருக்கும். இழுப்பு இருந்தால் அவள் இருக்கிறாள் என்று அர்த்தம். மலை ஏறும்போது இழுப்பு பலமாக இருக்கும், இறங்கும்போது லேசாக இருக்கும். வழியில் தண்ணீர் கெட்டுப்போயிருந்தது. எல்லோருக்கும் வயிறு போயிற்று. அவளுக்கும் போயிற்று. "அம்மா, தம்பி இறங்கிக்கட்டும், நான் கொஞ்ச தூரம் ஏறிக்கிறேன்" என்று கேட்டாள். தம்பி நடக்க மாட்டானேடி என்றேன். சரி என்றாள். அவள் அடம் பிடிக்கிற பிள்ளையே இல்லை. ஓர் ஓடையைத் தாண்டி ஏறும்போது இழுப்பு நின்றது.

கூட்டம் தள்ளிக்கொண்டே போகிற இடம் அது. உட்கார்ந்தால் மிதித்துக்கொண்டு போவார்கள். ஒரு பெரியவர் அவளைத் தூக்கி ஒரு மரத்தடியில் படுக்க வைத்தார். "மேல ஏதாவது போத்தும்மா" என்றார். என்னிடம் இருந்தது கட்டின புடவையும், உன்னைக் கட்டின துணியும். துணியை அவிழ்த்தால் உன்னைச் சுமக்க முடியாது. கையிலும் தெம்பு இல்லை. மரத்து இலையைப் பறித்துப் போட்டார் அவர். நான் உன்னோடு நடந்தேன். முப்பது வருஷம் ஆகப் போகிறது. இன்றைக்கும் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது பின்னால் புடவைத் தலைப்பை மிதித்துவிட்டால் என் உயிர் ஒரு கணம் நின்றுவிட்டு வரும்.

உனக்கு ஓர் அக்காள் இருந்தாள், வழியில் போய்விட்டாள் என்று உனக்குத் தெரியும். எப்படிப் போனாள் என்று நான் சொல்லவில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது சொன்னால், தன்னால்தான் செத்தாள் என்று நினைத்துக்கொள்வாயோ என்று பயந்தேன். அந்தத் துணி என்ன என்று கேட்டபோதும், "அப்பா வரைஞ்ச புலிடா" என்று மட்டும் சொல்லி வைத்தேன். மீதியை நீ படிப்பகத்துப் பேச்சுகளைக் கேட்டு நீயே தைத்துக்கொண்டாய். அந்த ஞாயிற்றுக்கிழமை உன் பேச்சில் அப்பா இருந்தார், புலி இருந்தது, சோழன் இருந்தான், நிலா இருந்தது. பொன்னி இல்லை. ஒரு வார்த்தை இல்லை. உன் அப்பாவின் பேச்சில் மா சேன் இல்லாமல் போன மாதிரியே.

நிலாவில் மனிதன் இறங்கின அன்று காலை உனக்கு ஞாபகம் இருக்கும். ட்ரான்சிஸ்டரை எடுத்து வந்து வாசலில் வைத்தாய். தெருவே கூடிவிட்டது. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கன்னியம்மாளும் நின்றாள். நீ இங்கிலீஷில் கேட்டு எல்லோருக்கும் தமிழில் சொன்னாய். கொடி நட்டுவிட்டார்கள் என்றாய். கன்னியம்மாள்தான் கேட்டாள்: "இன்னாபா, கொடி நட்டா அவங்களுக்கு சொந்தமா? குப்பத்துல எங்க மாமனார் காலத்துலேந்து கீறோம், எங்களுக்கே பட்டா கெடையாது. நிலாவுக்கு எவன்பா பட்டா குடுத்தான்?" எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "அது காலி இடம் ஆயா, யாரும் இல்ல" என்றாய். "அப்டித்தான் எங்களையும் சொல்றானுங்க. கட்டுமரம் கீது, வலை கீது, நாங்க கீறோம். அளக்க வந்தவன் காலி எடம்னு சொல்லிக்கினு போறான்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் பேப்பரில் படம் பார்த்துவிட்டு நீ சொன்னாய், நிலாவில் காற்றே கிடையாது, கொடி பறக்கிற மாதிரி தெரிய மேலே ஒரு கம்பி கோத்திருக்கிறார்கள் என்று. காற்றே இல்லாத இடத்தில் பறக்கிற மாதிரி ஒரு கொடி யாருக்காகடா என்று கேட்டேன். நீ பக்கத்தைத் திருப்பினாய். அதே பேப்பரில் இன்னொரு பக்கத்தில், அதே தேசத்துக்காரன் கிழக்கே ஒரு நாட்டில் நெல் வயலில் குண்டு போடுகிற படம் இருந்தது. அந்த வயலை நான் நெடுநேரம் பார்த்தேன். வரப்பு, வாய்க்கால், வரப்பு முக்கில் ஒரு மூங்கில். நம் வயல் மாதிரியே இருந்தது.

நிலாவில் யாரும் இல்லை என்று எனக்கும் தெரியும். அங்கே எந்த மா சேனையும் யாரும் விரட்டப் போவதில்லை. உன் படிப்பு பொய் என்று நான் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. என் பயம் நிலாவுக்காக இல்லை, உனக்காக. யாரும் இல்லை என்று சொல்லிப் பழகின வாய் அது. இங்கே நின்று பார்த்தால் ரொம்ப தூரத்து நிலமெல்லாம் காலியாகத்தான் தெரியும். உன் அப்பாவுக்கு ரங்கூன் மேடைக்கு முன்னால் நின்று பார்க்கும்போது காலியாகத் தெரிந்தது. உனக்கு அப்பாவைப் பற்றிப் பேசும்போது பர்மா காலியாகத் தெரிந்தது. உன் அக்காள் படுத்திருக்கிற மலையும் காலியாகத் தெரிந்தது. இன்னும் மேலே போனால் இந்த மயிலாப்பூரும், கன்னியம்மாளின் குப்பமும், பாவாடை தைக்கிற நானும் உன் கண்ணுக்குத் தெரிய மாட்டோம். ராக்கெட் விடுவதற்கும் பூமியில் ஓர் இடம் வேண்டுமே. அதற்கு எங்காவது ஒரு கடற்கரையைக் காட்டி, யாராவது உன்னிடம் காலி இடம் என்று சொல்வார்கள். அன்றைக்கு நீ போய்ப் பார். வேலியில் துணி காய்கிறதா என்று பார்.

இன்னொன்று. அந்தப் புலியை நீ பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு போனாலும், அங்கே நடப் போவது அவர்கள் கொடியைத்தான். நீ கம்பி கோத்துக் கொடுப்பாய். உன் அப்பாவும் அப்படித்தான் இருந்தார். ராஜா என்று நினைத்துக்கொண்டு மேஸ்திரி வேலை பார்த்தார். அவமானம் மேஸ்திரி வேலையில் இல்லை. நீ நல்ல வேலைக்காரனாகப் போ, நல்ல வேலைக்காரனாக இரு. கூலி வாங்கு, சாப்பிடு, தூங்கு. எவனையோ ஜெயிக்கப் போகிறேன் என்று மட்டும் போகாதே. அந்த ஜெயிப்புக்கு நம் வீட்டில் ஏற்கெனவே இரண்டு பேரைக் கொடுத்தாயிற்று.

சனிக்கிழமை உனக்கு விமானம். நான் மீனம்பாக்கத்துக்கு வரவில்லை. வழியனுப்பி எனக்குப் பழக்கம் இல்லை, விட்டுவிட்டு வந்துதான் பழக்கம். இட்லிப்பொடி இடித்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஸ்வெட்டருக்குப் பொத்தான் தைத்துவிட்டேன். துணி ட்ரங்குப் பெட்டியில் இல்லை, அதனால் நான் கடைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து வந்து தேட வேண்டாம். நேற்று அதை எடுத்துத் துவைத்தேன். தார் போகவில்லை, போகாது என்று தெரியும். புலி வெடித்து வெடித்துப் பாதிதான் இருக்கிறது, வால் இன்னும் நன்றாக இருக்கிறது. பிரித்த தையலை மறுபடி போட்டேன். இப்போது அது அவள் கட்டின மாதிரியே இருக்கிறது. வெள்ளைப் பூ ஓரத்தில் ஒரு மூலை மட்டும் கசங்கியே இருக்கிறது. எத்தனை தேய்த்தாலும் நிமிரவில்லை. சின்னக் கை பிடித்த இடம்.

பத்திரிகையை வெள்ளிக்கிழமை சாயங்காலம் படிப்பகத்தில் வைப்பார்களாம். படித்துவிட்டு நீ வீட்டுக்கு வரலாம், வராமல் நேரே விமானத்துக்கும் போகலாம், உன் இஷ்டம். வந்தால் கதவைத் தட்டு, திறக்கிறேன். புலிக்கொடியைக் கொடு என்று கேட்டால், அப்படி ஒன்று இந்த வீட்டில் இல்லை. பொன்னி பிடித்துக்கொண்டு வந்த துணியைக் கொடு என்று கேள். எடுத்து வைத்திருக்கிறேன்.

அம்மா